எந்தக் கதை எந்தத் தலைமுறைக்கு? கற்பனைத் தொடர்கள் ஓர் ஒப்பீடு

1986-இல் பிறந்த ஒரு பிள்ளைக்கும் ஹாரி பாட்டருக்கும் முதல் நான்கு நூல்கள் வரை ஒரே வயது. 1997-இல் 11, 1998-இல் 12, 1999-இல் 13, 2000-இல் 14. ஐந்தாம் நூல் வர மூன்று ஆண்டு பிடித்தது. கணக்கு அங்கே பிசகுகிறது. 2003-இல் வந்த அந்த நூலில் ஹாரிக்கு வயது 15. அதற்குச் சமவயதுக்காரர் 1988-இல் பிறந்தவர். 2005-இல் வந்த ஆறாம் நூலுக்கு 1989, 2007-இல் வந்த ஏழாம் நூலுக்கு 1990. ஆக, இந்த ஐந்தாண்டுக்குள் பிறந்து அந்த நூல்களைக் கையோடு கையாக வாசித்தவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் ஹாரியோடு தோளோடு தோள் நின்றிருக்கிறார்கள்.

ஒரு தலைமுறையின் அடையாளமாக எந்தக் கற்பனைத் தொடரைச் சொல்வது என்ற பேச்சு எழுந்தால், எல்லாரும் வசூலையும் விற்பனையையும் விருதையும் எடுத்துப் போடுகிறார்கள். மேலே போட்ட வயதுக் கணக்கை யாரும் போடுவதில்லை. போட்டுப் பார்த்தால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். பாடத்திட்டத்துக்காகவோ, நூலகக் கண்காட்சிக்காகவோ, பத்திரிகைச் சிறப்பிதழுக்காகவோ ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவும்.

முதலில் 'தலைமுறை' என்ற சொல். பூமர்கள் 1946 முதல் 1964 வரை, எக்ஸ் தலைமுறை 1965 முதல் 1980 வரை, மில்லெனியல்கள் 1981 முதல் 1996 வரை, ஸீ தலைமுறை 1997 முதல் 2012 வரை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் வகுத்த பிரிவு பரவலாகப் புழங்குகிறது. மக்கள்தொகைக் கணக்குக்கு இது சரி. கதைகளுக்கு இது மிக அகலம். 1981-இல் பிறந்தவருக்கு முதல் ஹாரி பாட்டர் நூல் வந்தபோது 16 வயது. 1996-இல் பிறந்தவருக்கு ஒரு வயது. இருவரையும் ஒரே மூட்டையில் கட்டி 'பாட்டர் தலைமுறை' என்றால் இருவருமே மறுப்பார்கள். ஒரே ஆண்டில் பிறந்திருப்பது மட்டும் ஒரு தலைமுறையை உண்டாக்கிவிடாது, இளம் வயதில் ஒரே நிகழ்வைச் சேர்ந்து எதிர்கொண்டிருக்க வேண்டும் என்று சமூகவியலாளர் கார்ல் மான்ஹைம் 1928-இலேயே எழுதினார். கதைகளைப் பொறுத்தவரை ஏழெட்டு ஆண்டுப் பிறப்பு இடைவெளிதான் ஒரு தலைமுறை. அதற்கு மேல் இழுத்தால் பிய்ந்துவிடும்.

தேர்வுக்கு நான்கு கேள்விகள் போதும். எட்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடையே அந்தத் தொடரின் எத்தனை பாகம் வந்தது? முடிவு யாருக்கும் தெரியாமல் எல்லாரும் சேர்ந்து காத்திருந்த காலம் ஒன்று இருந்ததா? கதையைப் படிக்காதவர், பார்க்காதவர் வாயிலும் கையிலும் அதன் சொல்லோ சைகையோ புழங்குகிறதா? கடைசியாக, அது அந்தப் பிள்ளைகளுக்கே உரியதாக நின்றதா, அடுத்த அடுத்தவர் கைக்கு மாறிக்கொண்டே போனதா? இந்த நான்காவது கேள்வியில்தான் பெரிய பெயர்கள் பலவும் சறுக்குகின்றன.

ஸ்டார் வார்ஸ்: காலிப் பெட்டியை விலை கொடுத்து வாங்கிய பிள்ளைகள்

1977 மே 25-ஆம் தேதி ஸ்டார் வார்ஸ் முதலில் வெளியானது அமெரிக்காவில் முப்பத்துச் சொச்சம் திரையரங்குகளில்தான். படம் இவ்வளவு ஓடும் என்று பொம்மை செய்த கென்னர் நிறுவனமும் எதிர்பார்க்கவில்லை. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குப் பொம்மைகள் தயாராகவில்லை. நிறுவனம் என்ன செய்தது? அட்டை உறை ஒன்றை விற்றது. உள்ளே பொம்மை கிடையாது. லூக், லேயா, சூபாக்கா, ஆர்2-டி2 ஆகிய நான்கு உருவங்கள் பின்னர் அஞ்சலில் வரும் என்று உறுதி சொல்லும் சீட்டும், அவற்றை நிறுத்தி வைக்க ஓர் அட்டை மேடையும் இருந்தன. பிள்ளைகள் அந்த வெறும் மேடையை அலமாரியில் வைத்துக்கொண்டு 1978 வரை காத்திருந்தார்கள். ஒரு கதை ஒரு வயதினரை எப்படிப் பிடித்து வைத்திருந்தது என்பதற்கு எந்த வசூல் பட்டியலையும்விட எனக்கு இந்த வெற்று மேடை பெரிய சாட்சி.

வந்து சேர்ந்த பொம்மைகளின் அளவும் கவனிக்கத்தக்கது. மனித உருவங்கள் சுமார் 3.75 அங்குலம். அதற்குமுன் பையன்களுக்கான வீரர் பொம்மைகள் பெரும்பாலும் 12 அங்குல உயரம். உருவத்தைச் சிறிதாக்கினால்தான் அது ஏறி உட்காரும் விண்கலத்தையும் கைக்கு அடக்கமாகச் செய்ய முடியும். ஒரு பொம்மை, பிறகு அதன் கலம், பிறகு அதன் தளம் என்று கதையின் உலகமே வீட்டுத் தரையில் விரிந்தது. வீட்டில் வீடியோ கேசட் இல்லாத காலம் அது. முதல் படம் கேசட்டாக வந்தது 1982-இல்தான். படத்தைத் திரும்பப் பார்க்க வழியில்லாத பிள்ளைகள் நினைவிலிருந்து அதைத் தரையில் மறுபடி ஓட்டினார்கள். நினைவு விட்ட இடத்தைச் சொந்தக் கற்பனை நிரப்பியது.

காத்திருப்புக் கேள்விக்கும் இந்தத் தொடர் நன்றாகவே பதில் சொல்கிறது. 1980-இல் வந்த இரண்டாம் படம் ஹான் சோலோவை உறையவைத்து, வில்லனே கதாநாயகனின் தந்தை என்று அறிவித்துவிட்டு முடிந்தது. உண்மையா பொய்யா என்று 1983 வரை தெரியாது. மூன்று ஆண்டு. 1969-இல் பிறந்தவருக்கு மூன்று படங்களும் 8, 11, 14 வயதுகளில் வந்து விழுந்தன. இதைவிடச் சரியான இடைவெளியை யாரும் திட்டமிட்டு அமைத்துவிட முடியாது. புழக்கத்துக்கும் குறைவில்லை: 1983 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ரீகன் அறிவித்த ஏவுகணைத் தடுப்புத் திட்டத்துக்கு எதிர்ப்பாளர்கள் சூட்டிய பட்டப்பெயர் ஸ்டார் வார்ஸ்தான்.

பிறகு ஏன் முதலிடம் இல்லை? நான்காவது கேள்வி. 1999, 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் முன்கதைப் படங்கள் வந்தன. 1990-ஐ ஒட்டிப் பிறந்தவர்களுக்கு ஸ்டார் வார்ஸ் என்றால் அவைதாம். 2012-இல் டிஸ்னி அந்த நிறுவனத்தைச் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கியது. 2015-இலிருந்து மூன்றாம் வரிசை வந்தது. ஒரே வீட்டில் தாத்தாவும் மகனும் பேத்தியும் ஆளுக்கொரு மூன்று படங்களைத் 'தங்கள் ஸ்டார் வார்ஸ்' என்கிறார்கள். இப்படிக் கைமாறும் பொருளைக் குடும்பச் சொத்து என்று சொல்லலாம். ஒருவரின் அடையாளம் என்று சொல்வது கடினம். 1997-இல் பழைய படங்களைத் திருத்தி மறுவெளியீடு செய்தபோது, ஒரு மதுக்கடைக் காட்சியில் யார் முதலில் சுட்டார் என்பதை மாற்றியதற்கு முதல் தலைமுறை இன்றுவரை கொதிக்கிறது. அந்தக் கொதிப்பு நியாயமானது. தங்கள் குழந்தைப் பருவத்தின் ஒரு துண்டை வேறொருவர் கத்தரித்ததாக அவர்கள் உணர்ந்தார்கள்.

ஆகவே 1965 முதல் 1972 வரை பிறந்தவர்களுக்கான தேர்வு என்றால், தயங்காமல் ஸ்டார் வார்ஸின் முதல் மூன்று படங்கள். 'ஸ்டார் வார்ஸ்' என்று மொட்டையாகச் சொல்லாமல் அந்த மூன்று படங்கள் என்று குறித்துச் சொல்ல வேண்டும்.

காலண்டர் இல்லாத பெருங்கதைகள்

ஸ்டார் டிரெக் என்ற தொலைக்காட்சித் தொடரை இந்தப் பட்டியலில் முன்னே நிறுத்த விரும்புபவர்கள் உண்டு. 1966 செப்டம்பர் 8-இல் தொடங்கி மூன்று பருவங்களில் 79 அத்தியாயங்கள் ஓடி, 1969 ஜூன் 3-இல் நின்றுபோனது. அதற்கு 47 நாள் கழித்து நிலவில் மனிதன் இறங்கினான். தொடருக்குக் கூட்டம் சேர்ந்தது அதன்பிறகுதான், 1970-களின் மறு ஒளிபரப்பில். ரசிகர்களின் கடித இயக்கத்தால் 1976-இல் நாசாவின் முதல் விண்வெளி ஓடத்துக்கு என்டர்பிரைஸ் என்றே பெயர் வைத்தார்கள். செல்வாக்கு என்ற அளவில் இது மலை. ஆனால் மறு ஒளிபரப்புக்குக் காலண்டர் கிடையாது. பத்து வயதுப் பிள்ளையும் முப்பது வயதுப் பொறியாளரும் அவரவர் வசதிப்படி எந்த அத்தியாயத்திலிருந்தும் நுழைந்தார்கள். ஸ்டார் டிரெக் ஒரு ரசிகர் சமூகத்தை உருவாக்கியது. ஒரு வயதினரை உருவாக்கவில்லை.

த லார்ட் ஆஃப் த ரிங்ஸ் இன்னும் சுவையான வழக்கு. 1954-55-இல் மூன்று தொகுதிகளாக வந்த நூல் அது. 1965-இல் ஏஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகம் ஆசிரியரின் அனுமதி இல்லாமல் 75 சென்ட்டுக்கு மலிவுப் பதிப்பு போட்டது. பதிலுக்கு அனுமதி பெற்ற பாலன்டைன் பதிப்பு 95 சென்ட்டுக்கு வந்தது. இந்தத் தகராறு செய்தியாகி, நூல் கல்லூரி விடுதிகளுக்குள் புகுந்தது. 'ஃப்ரோடோ வாழ்கிறான்' என்ற பட்டைகளை மாணவர்கள் சட்டையில் குத்திக்கொண்டார்கள். அறுபதுகளின் மாணவர்களுக்கு அது உண்மையிலேயே அடையாளம். ஆனால் கதை எழுதி முடிந்து பத்தாண்டு கழித்து அவர்கள் கைக்கு வந்தது. முடிவு தெரியாமல் யாரும் காத்திருக்கவில்லை, கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் போதும். 2001, 2002, 2003 டிசம்பர்களில் வந்த படங்களுக்கு வேறொரு கூட்டம் சேர்ந்தது. மூன்றாம் படம் பரிந்துரைக்கப்பட்ட 11 ஆஸ்கர்களையும் வென்றது. அந்தப் படங்களுக்குச் சென்ற பதினொரு வயதுக்காரர்கள் 1990-இல் பிறந்தவர்கள், அதாவது ஹாரி பாட்டரின் அதே பிள்ளைகள். முதல் பாட்டர் படம் 2001 நவம்பரில், முதல் ரிங்ஸ் படம் அடுத்த மாதமே. மிகுபுனைவைப் பொறுத்தவரை அந்தப் பிள்ளைகளுக்கு வாய்த்த யோகம் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை.

பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரான டாக்டர் ஹூ 1963-இலிருந்து வருகிறது, நடுவில் பதினைந்து ஆண்டுக்கு மேல் இடைவெளி விட்டு 2005-இல் மீண்டது. கதாநாயகன் உருமாறிப் புது நடிகராக வருவதே அதன் விதி என்பதால், உன் வயதைக் கேட்பதும் உன் டாக்டர் யார் என்று கேட்பதும் ஒன்றுதான். தலைமுறைகளை எண்ணிப் பார்க்க நல்ல கடிகாரம். எந்தத் தலைமுறைக்கும் தனிச்சொத்து ஆகாது. மேட்ரிக்ஸ் 1999-இல், மறைந்திருந்த உண்மைக்குக் கண் திறப்பதைக் குறிக்கும் 'சிவப்பு மாத்திரை' என்ற சொல்லை ஊருக்கெல்லாம் கொடுத்தது; அந்தச் சொல்லைப் பிற்காலத்தில் அரசியல் கூட்டங்கள் எடுத்துக்கொண்டன. ஒரு பெரும்படம், பின்னால் வால்கள். தொடராக அதை எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

ஹாரி பாட்டர்: வளர்ந்துகொண்டே வந்த நூல்

1997 ஜூன் 26-இல் முதல் நூலின் கெட்டி அட்டைப் பதிப்பு 500 படிகள்தாம் அச்சாயின. பத்தாண்டு கழித்து, 2007 ஜூலை 21-இல் ஏழாம் நூல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதல் 24 மணி நேரத்தில் 1 கோடியே 10 லட்சம் படிகள் விற்றது. எண்கள் இருக்கட்டும். பிரிட்டன் பதிப்பில் முதல் நூல் 223 பக்கம், ஐந்தாம் நூல் 766 பக்கம். வாசிப்பவரின் வயதோடு நூலின் எடையும் ஏறியது. மொழியும் இருளும் சாவும் கூடவே ஏறின. பதினொரு வயதில் சாக்லேட்டும் துடைப்பமும் படித்தவர்கள் பதினேழு வயதில் சர்வாதிகார அமைச்சகத்தையும் பொய்ப் பத்திரிகையையும் படித்தார்கள். வேறெந்தப் பெருந்தொடரும் தன் வாசகரின் வாசிப்புத் திறன் உயர்வதை இவ்வளவு நம்பி எழுதப்படவில்லை.

காத்திருப்புதான் இதன் உச்சம். நான்காம் நூல் 2000 ஜூலை 8. ஐந்தாம் நூல் 2003 ஜூன் 21. வீடுகளுக்குள் இணையம் நுழைந்த காலமும் அதுவே. பெரிய ரசிகர் தளங்களில் ஒன்றை 1999-இல் தொடங்கியவருக்கு அப்போது வயது 12. கதைக்குள் கதை எழுதுவது, ஊகங்களை அடுக்குவது, முன்பின் தெரியாதவரோடு இரவெல்லாம் வாதிடுவது ஆகியவற்றை அந்தப் பிள்ளைகள் பழகியது இந்த நூல்களை வைத்துத்தான்.

ஓர் எடுத்துக்காட்டு போதும். 2005-இல் வந்த ஆறாம் நூலின் முடிவில் ஒரு சீட்டு கிடைக்கிறது. கையெழுத்து மூன்று எழுத்துகள்: ஆர்.ஏ.பி. யார் அது? விடை ஏழாம் நூலில்தான், இரண்டு ஆண்டு கழித்து. வாசகர்கள் பொறுக்கவில்லை, மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டார்கள். டச்சுப் பதிப்பில் அந்த எழுத்துகள் ஆர்.ஏ.இஸட் என்று இருந்தன, நார்வே மொழியில் ஆர்.ஏ.எஸ், ஃபின்னிஷ் மொழியில் ஆர்.ஏ.எம். பிளாக் என்ற குடும்பப் பெயரை அந்த மூன்று மொழிகளும் தத்தம் மொழியின் 'கறுப்பு' என்ற சொல்லாக மாற்றியிருந்தன. முதலெழுத்தும் அதனாலேயே மாறியிருந்தது. ஆக அந்த 'பி' பிளாக் குடும்பத்தையே குறிக்கிறது என்று வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து கண்டுபிடித்துவிட்டார்கள். ஊகம் சரியாகவும் போயிற்று. முழுத் தொடரும் கையில் இருக்கும் இன்றைய வாசகர் அடுத்த நூலைத் திறந்தால் போதும். அந்தத் துப்பறிதல் அந்த இரண்டாண்டுக்கே உரியது, திரும்ப வராது. ஒரு தொடர் ஒரு தலைமுறையை வரையறுத்தது என்று நான் சொல்லும்போது இதைத்தான் சொல்கிறேன்.

புழக்கத்திலும் குறை சொல்ல முடியாது. மந்திரசக்தி இல்லாதவரைக் குறிக்கும் 'மகிள்' என்ற சொல் 2003-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஏறியது. கதையில் துடைப்பத்தில் பறந்து ஆடிய குவிடிச் ஆட்டத்தை 2005-இல் கல்லூரி மாணவர்கள் தரையில் ஆடத் தொடங்கினார்கள். நியூயார்க் டைம்ஸ் 2000-இல் சிறுவர் நூல்களுக்கென்று தனி விற்பனைப் பட்டியல் வகுத்ததும் இந்த நூல்கள் பொதுப் பட்டியலின் மேலிடங்களைப் பிடித்துக்கொண்டு இறங்காததால்தான்.

எதிர்த்தரப்பையும் சொல்லியாக வேண்டும். திருநர் உரிமை குறித்து ஆசிரியர் ஜே.கே. ரௌலிங் 2020-இலிருந்து வெளிப்படையாகப் பேசிவரும் கருத்துகளால் அந்த வாசகர்களில் பலர் மனம் விலகினார்கள். படங்களில் நடித்தவர்களே மாற்றுக் கருத்தை அறிவித்தார்கள். தரையில் ஆடும் அந்த ஆட்டத்தின் அமைப்புகள் 2022-இல் அதன் பெயரை குவாட்பால் என்று மாற்றிக்கொண்டன. இதனால் இந்தத் தொடரைத் தேர்வுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. விருப்பத்துக்கு உரிய தொடர் எது என்பது வேறு கேள்வி. தன்னை வளர்த்த நூலோடு முப்பது வயதில் ஒருவர் மல்லுக்கு நிற்கிறார் என்றால், அந்த நூல் அவருக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதே தெரிகிறது. கண்காட்சியோ பாடமோ நடத்துபவர்கள் இந்தப் பிணக்கையும் சேர்த்தே காட்ட வேண்டும். மறைத்தால் பாதி வரலாறு போய்விடும்.

காலண்டர் கழன்றுவிட்டால் இதே உலகம் எவ்வளவு வலுவிழக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. ஐந்து படங்களாகத் திட்டமிட்ட முன்கதை வரிசை 2016, 2018, 2022 என்று மூன்றோடு நின்றது. மந்திரம் அதே மந்திரம்தான். கூட வளர ஒரு பிள்ளை கதைக்குள் இல்லை.

மார்வெல்: கணக்கு பொருந்தியும் பொருந்தாத தொடர்

இங்கே என் சொந்த வாதத்தையே சோதிக்க வேண்டியிருக்கிறது. அயர்ன் மேன் 2008 மே மாதம். எண்ட்கேம் 2019 ஏப்ரல். 22 படங்கள். 1997-இல் பிறந்தவருக்கு அது 11 வயதில் தொடங்கி 22 வயதில் முடிகிறது. பாட்டர் கணக்குக்கு அச்சு அசலாகப் பக்கத்தில் நிற்கிறது. 1999-இல் பிறந்தவருக்குப் பதினெட்டு வயதுக்குள் 17 படங்கள் வந்துவிட்டன. எண்ணிக்கை மட்டும் பார்த்தால் மார்வெல்தான் முதலிடம். காத்திருப்பும் உண்டு: 2018 ஏப்ரல் 27-இல் வில்லன் ஒரு விரல் சொடுக்கில் பாதி உயிர்களை அழித்த படம் முடிந்தது, விடை 2019 ஏப்ரல் 26-இல் வந்தது. ஓர் ஆண்டுக்கு ஒரு நாள் குறைவு. எண்ட்கேமில் கேப்டன் அமெரிக்கா தோரின் மந்திரச் சுத்தியலைத் தூக்கும் நொடியில் திரையரங்குகளில் எழுந்த கூச்சல், சேர்ந்து பார்ப்பதின் கடைசிப் பெருவிழா.

அப்படியிருந்தும் எது குறைகிறது? அயர்ன் மேனான டோனி ஸ்டார்க் தொடக்கத்திலேயே நடுவயது முதலாளி. அவனுடைய கவலைகள் பதினொரு வயதுப் பிள்ளையின் கவலைகள் அல்ல. சமவயதுப் பையனான பீட்டர் பார்க்கர் (ஸ்பைடர்மேன்) உள்ளே வருவதே 2016-இல். பத்து வயதுக்காரரும் நாற்பது வயதுக்காரரும் ஒரே அரங்கில், ஒரே அளவு உரிமையோடு உட்கார்ந்திருந்தார்கள். காமிக்ஸ் படித்த தந்தைக்கு மகனைவிட அதிகம் தெரிந்தும் இருந்தது. பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் நுழையாத ஓர் அறை வேண்டும். ஹாரி பாட்டர் அந்த அறையைக் கொடுத்தது, ஸ்டார் வார்ஸ் பொம்மைகள் கொடுத்தன; மார்வெல் கொடுத்தது திருவிழா மைதானம்.

2019-க்குப் பிறகு நடந்ததும் பாடம். 2021 என்ற ஒரே ஆண்டில் நான்கு படங்களும் ஓடிடியில் ஐந்து தொடர்களும். காத்திருக்க இடமே இல்லை. ஒன்றைப் புரிந்துகொள்ள இன்னொன்றைப் பார்த்தாக வேண்டிய வீட்டுப்பாடமாக ரசனை மாறியது. இருந்தாலும் 1996 முதல் 2003 வரை பிறந்தவர்களுக்கு ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால், 2008 முதல் 2019 வரையிலான இந்த 22 படங்களைத்தான் சொல்வேன்.

மூன்று விரல்கள்

த ஹங்கர் கேம்ஸ் நூல்கள் 2008, 2009, 2010 என்று ஆண்டுக்கு ஒன்றாக வந்தன; படங்கள் 2012 முதல் 2015 வரை. 1994-இல் பிறந்தவருக்கு நூல்கள் 14, 15, 16 வயதுகளில், படங்கள் 18 முதல் 21 வரை. முதல் நூல் வந்தது 2008 செப்டம்பரில், லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலான அதே மாதத்தில். பெரியவர்கள் ஆடிய ஆட்டத்துக்குப் பிள்ளைகள் உயிரைக் கொடுக்கும் கதையை, வேலைச் சந்தை சரிந்துகொண்டிருந்த ஆண்டுகளில் வளரிளம் பிள்ளைகள் வாசித்தார்கள். விற்பனையில் பாட்டரின் பக்கத்தில்கூட இது வராது. சைகையில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. கதையில் வரும் மூன்று விரல் வணக்கத்தை 2014 ராணுவப் புரட்சிக்குப் பிறகு தாய்லாந்து மாணவர்கள் தெருவில் உயர்த்தினார்கள், அதற்காகப் பிடிபட்டார்கள். 2021 பிப்ரவரியில் மியான்மரின் ஐ.நா. தூதர் பொதுச்சபை மேடையிலேயே அந்த விரல்களை உயர்த்தினார். ஒரு கற்பனைக் கதையின் சைகைக்காக நிஜச் சிறைக்குப் போகத் துணிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பது இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகக் கனமான உண்மை. ஒரு தலைமுறையின் அரசியல் மனநிலையைக் காட்ட ஒரே ஒரு தொடர் வேண்டும் என்றால், பாட்டரைத் தள்ளிவைத்துவிட்டு இதையே எடுக்கலாம்.

போகிமானையும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1996-இல் வந்த வீடியோ விளையாட்டில் இரண்டு பதிப்புகள்; ஒன்றில் இருக்கும் சில உயிர்கள் மற்றதில் இல்லை. 150 உயிர்களையும் சேர்க்க இரண்டு விளையாட்டுக் கருவிகளைக் கம்பியால் இணைத்து நண்பரோடு பண்டமாற்று செய்தாக வேண்டும்; சில உயிர்கள் கைமாறினால் மட்டுமே அடுத்த வடிவம் எடுக்கும். நட்பைக் கட்டாயமாக்கிய அருமையான வடிவமைப்பு. ஆனால் 1997-இல் தொடங்கிய அதன் தொலைக்காட்சித் தொடரில் பத்து வயதுக் கதாநாயகன் ஆஷ் 2023 வரை பத்து வயதிலேயே நின்றான். ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பத்து வயதை எட்டும் பிள்ளைகளுக்கு அவன் தோழன். தன்னோடு வளராததால் எல்லாருக்கும் பொது.

கணக்கைப் போடும்போது தவறுகிற இடங்கள்

தேர்வு செய்பவர் முதலில் எந்தப் பிறப்பாண்டுக் கூட்டத்துக்காகத் தேர்கிறோம் என்று தாளில் எழுதிவிட வேண்டும். ஏழெட்டு ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. நடு ஆண்டை எடுத்து ஒவ்வொரு பாகத்தின் வெளியீட்டு ஆண்டிலிருந்தும் கழிக்க வேண்டும். எட்டுக்கும் பதினெட்டுக்கும் இடையே மூன்று பாகமாவது விழாத தொடரை அடித்துவிடலாம். மிஞ்சியதில், முடிவு தெரியாமல் ஓர் ஆண்டாவது தொங்கிய கட்டம் எங்கே என்று பார்க்க வேண்டும்.

இதில் அடிக்கடி நேரும் பிழை, மூல வெளியீட்டுத் தேதியை எல்லாருக்கும் பொருத்துவது. முதல் பாட்டர் நூல் பிரிட்டனில் 1997, அமெரிக்காவில் 1998. மொழிபெயர்ப்பில் படித்தவர்களுக்கு இன்னும் பின்னால். மொழிபெயர்ப்பு மொத்தமாக ஒரே வீச்சில் வந்த மொழிகளில் காத்திருப்பே இருந்திருக்காது. அந்த வாசகர்களுக்கு நூலைவிடப் படங்கள்தாம் காலண்டர், 2001 முதல் 2011 வரை எட்டு. கணக்கை அவர்கள் தேதியில் போட்டால் கூட்டம் மூன்று நான்கு ஆண்டு பின்னால் நகரும்.

வசூலை ஒப்பிடுபவர்கள் டிக்கெட் விலை உயர்வை மறக்கிறார்கள். எண்ட்கேம் உலகளவில் ஈட்டிய சுமார் 280 கோடி டாலரை 1977 படத்தின் தொகையோடு அப்படியே வைத்துப் பார்ப்பது பயனில்லை; மேலும் அந்தப் பழைய தொகைக்குள் 1997 மறுவெளியீட்டு வசூலும் கலந்திருக்கிறது. கருத்துக்கணிப்பிலும் ஒரு பொறி உண்டு. 'உங்களுக்குப் பிடித்த தொடர் எது' என்று கேட்டால், வாக்களிக்க வந்தவர்களின் வயதுதான் வெற்றி பெறும். 'எந்தக் கதையின் முடிவு தெரியாமல் நீங்கள் தவித்தீர்கள், அப்போது உங்கள் வயது என்ன' என்று கேளுங்கள். பதில்கள் சட்டென்று பிரிந்து நிற்கும்.

2005-க்குப் பின் பிறந்தவர்கள் விஷயத்தில் பலரும் ஸ்ட்ரேஞ்சர் திங்ஸை நிறுத்துகிறார்கள். 2016-இல் தொடங்கி 2025-இல் முடிந்தது, ஐந்து பருவம், கதாபாத்திரங்களும் பிள்ளைகள். பாட்டருக்கு நடந்ததே இங்கும் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை, காரணம் இரண்டு. கதைக்குள் 1983-இல் தொடங்கிச் சில ஆண்டு ஓடுவதற்குள் வெளியே ஒன்பது ஆண்டு ஓடிவிட்டது. பார்ப்பவர் கதாபாத்திரத்தைத் தாண்டிப் போய்விட்டார். அடுத்தது, தொடக்கப் பருவங்கள் முழுவதுமாக ஒரே நாளில் வந்து இறங்கின. ஒருவர் அன்றிரவே முடித்தார், இன்னொருவர் மாதம் கழித்துத் தொடங்கினார். இருவரும் ஸ்பாய்லருக்குப் பயந்து ஒருவரோடொருவர் பேசாமல் இருந்தார்கள். இரண்டு பருவங்களுக்கு இடையே மூன்றாண்டு காத்திருந்தது உண்மை, ஆனால் தனித்தனியாகக் காத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பொதுவான ஒரு கதையைச் சூட்டும் வேலையை இப்போது செய்ய வேண்டாம். இடம் காலியாகவே இருக்கட்டும். பாட்டர் நூல்களையே புதிய தொலைக்காட்சித் தொடராக எடுக்கும் திட்டம் 2023-இல் அறிவிக்கப்பட்டது. அதைப் பார்க்கப்போகும் பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஆர்.ஏ.பி. யார் என்று கேட்கத் தோன்றினால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு விடை தெரிந்திருக்கும்.